விளக்கு வைக்கும் முன்

ஜவ்வாது மலைக்கு நான் போனது சாப்பிடத்தான். அருவி, மலைக்காற்று, பச்சைப் பசேல் என்றெல்லாம் கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டேன், அதெல்லாம் சும்மா. விடுதிச் சாம்பாரைத் தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. நான் மலேசியாவில், பேராக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில் கப்பலில் வந்து சென்னையில் இறங்கி, வாணியம்பாடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். தாய்நாட்டுக்குப் போகிறான் என்று தோட்டமே கூடி மாலை போட்டு அனுப்பியது. வந்து பார்த்தால் இங்கே எல்லோருக்கும் நான் 'மலேயாக்காரன்'. கோபம் எனக்கு மூக்கின் மேல் வரும். பசி இருந்தால் அதற்கு முன்பே வரும். ஆக, அந்த இரண்டு வருடமும் நான் பெரும்பாலும் கோபமாகத்தான் இருந்தேன்.

அறைத் தோழன் மலைக்காரன். ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவன் ஊர். அவன் படித்தது தமிழ் இலக்கியம். அவர்களுக்கு ஆய்வகமும் இல்லை, ஆசிட் வாடையும் இல்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாம்பார் வாளியைப் பார்த்து நான் முகத்தைச் சுளித்தபோது அவன் சொன்னான்: "எங்க வூட்டுக்கு வாடா. சனி ஞாயிறு ரெண்டு நாளு. எங்கம்மா கையால சாப்ட்டேன்னு வெச்சிக்க, திரும்பியே வர மாட்டே."

திங்கட்கிழமை காலை எனக்குச் செய்முறைத் தேர்வு. அதைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். வருடம் வீணானால் விசா நீட்டிப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்று காவல் நிலையத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். படிப்பை முடிக்காமல் கப்பலேறிப் போய் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? ஞாயிறு மதியச் சோறு முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று அவனிடம் ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை நன்றாகவே போனது. ஆலங்காயம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் குடலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை. புளி மூட்டைகள், சாமை, கடுக்காய்க் குவியல், பழைய எண்ணெய் டின்களில் தேன். ஒரு கிழவி உள்ளங்கையில் தேனை ஊற்றி "நக்கிப் பாரு" என்றாள்; நக்கினேன். மறு கையையும் நீட்டினேன். பிறகு அருவிக்குப் போனோம். கோடையில் தண்ணீர் ஒல்லியாக விழுந்தது. அதன் அடியில் போய் நின்றால் மண்டையில் குட்டுவது போலக் குளிர்ச்சி. பாறையில் ஈரத்துணியோடு படுத்துப் பலாச்சுளை தின்றோம்.

இரவு அவன் வீட்டில் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். குழம்பின் காரம் காதுவரை ஏறியது. அவன் அம்மா தட்டு காலியாக விடவில்லை. "இன்னா தம்பி, கோழி கொத்தற மாதிரி சாப்புட்ற? நல்லா அள்ளி சாப்புடு. நாளைக்கு மாரியம்மனுக்கு காப்பு கட்றாங்க. அப்பறம் கூழு ஊத்தற வரைக்கும் இந்த ஊர்ல கவிச்சி கெடையாது" என்றார். அவன் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. எனக்கென்று ஈரல் துண்டைத் தேடி எடுத்துத் தட்டில் போட்டார்.

"காப்பு கட்டறத பாத்துட்டே கெளம்பலாம்டா. கட்டிக்காதவங்களுக்கு ஒண்ணும் இல்ல, எப்ப வேணா போலாம்" என்றான் தோழன். சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு அதுவும் ஒரு காட்சிதானே என்று நானும் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை ஊர் முழுக்கக் குளித்து மாரியம்மன் கோயில் முன் வரிசை கட்டி நின்றது. வீட்டுக்கு ஒரு கை என்பது அங்கே கணக்கு. ஒரு வீட்டின் சார்பில் ஒருவர் மட்டும் காப்புக் கட்டிக்கொள்வார்; அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வரிசையில் தோழனின் அப்பா நின்றார். அவர் பக்கத்தில், அவர்கள் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, மேலுக்குச் சட்டையில்லாமல் நான். தோழன் எனக்குப் பின்னால். பூசாரி கையில் மஞ்சள் கிழங்கு முடிந்த நூல்கள். வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். காப்புக் கட்டும்போது பூசாரி பேசக் கூடாது, பார்க்கிறவர்களும் பேசக் கூடாது, மேளத்தைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் தோட்டத்திலும் தீமிதிக்குக் காப்புக் கட்டுவோம். ஆனால் அங்கே வந்தவர் போனவர் அத்தனை பேருக்கும் கட்டுவார்கள். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர் ஒருவர் வருடா வருடம் சைக்கிளில் வந்து கட்டிக்கொண்டு, நம் ஆட்களைப் போலவே கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார். கட்ட வரும்போது கையை நீட்டாமல் இருப்பதுதான் அங்கே அவமரியாதை. பூசாரி எங்கள் முன் வந்த நேரத்தில் தோழனின் அப்பா காலடியில் வைத்திருந்த அரிசித் தட்டை எடுக்கக் குனிந்தார். பூசாரி என் முன் நின்றார். நான் வலது கையை நீட்டினேன்.

பின்னாலிருந்து தோழன் என் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்தான். வேட்டி சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறது, சரிசெய்கிறான் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நன்றாக நீட்டினேன். பூசாரியின் கண்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தன, பிறகு குனிந்திருந்த அப்பாவைப் பார்த்தன. அவரால் கேட்கவும் முடியாது. அந்த வீட்டின் இடத்தில் ஒரு கை நீண்டிருக்கிறது; அவர் கட்டினார். மூன்று முடிச்சு. அப்பா தட்டோடு நிமிர்ந்தபோது பூசாரி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் வாய் திறக்க முடியாது. வரிசை முடிகிறவரை, நூல் கட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றில் அமுக்கிக்கொண்டு நின்றேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

மேளம் மறுபடி எழுந்ததும் பேச்சும் எழுந்தது. முதலில் கத்தியவர் பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவின் பங்காளி. "இன்னா வேல பண்ணி வெச்சிருக்கீங்க? வெளியூர்க்காரன் கையில காப்ப கட்டி! அவன் இன்னிக்கி பஸ் ஏறிப் போய்டுவான். நாங்க இன்னா பண்றது?"

அப்போதுதான் தோழன் விளக்கினான். காப்புக் கட்டிய கை எதுவும் ஊர் எல்லைக்கு வெளியே ஓர் இரவும் தங்கக் கூடாது. செருப்பு கூடாது, கவிச்சி கூடாது. ஒரு கை தவறினாலும் ஊருக்கே காப்பு முறிந்தது என்று அர்த்தம். அந்த வருடம் கூழ் ஊற்ற மாட்டார்கள். கூழ் ஊற்றாமல் யாரும் சாமை விதைக்க மாட்டார்கள். தவறிய கை எந்த வீட்டுடையதோ அந்த வீட்டோடு ஊரில் யாரும் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"வேறு ஆளுக்கு மாற்றிக் கட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கட்டனது கட்டனதுதான். கூழு ஊத்திட்டுதான் அவுக்கணும்" என்றார் ஊர்க்கவுண்டர். ஊரில் எதையும் தீர்த்துச் சொல்கிறவர் அவர்தான். அவர் குரலில் கோபம் இல்லை, கவலை இருந்தது.

எனக்குத்தான் கோபம் வந்தது. தெரியாமல் நீட்டினால் கட்டிவிடுவதா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, நாளைக்கு எனக்குப் பரீட்சை, ஒரு நூலுக்காக என் படிப்பே போக வேண்டுமா என்று தோட்டத்துத் தமிழில் பொரிந்து தள்ளினேன். தள்ளியதோடு நில்லாமல் கட்டை விரலை நூலுக்கு அடியில் கொடுத்தேன். ஒரு இழுப்பு இழுத்தால் போதும், நூல் அறுந்துவிடும். கூட்டம் ஒரேயடியாக மூச்சை இழுத்துக்கொண்டது.

தோழனின் அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "அறுத்துக்க தம்பி. உன் படிப்பு உனக்கு பெரிசு, நான் வேணான்னு சொல்லல. ஆனா இங்க அறுக்காத. எல்லய தாண்டிப் போயி அறுத்துக்க. நாங்க கண்ணால பாக்க வேணாம்."

அவர் பிடியை விடவில்லை. முந்தின இரவு குழம்பு ஊற்றிய கை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நிச்சயம் அறுத்திருப்பேன். அப்படி ஒரு பிறவி நான். விரலை வெளியே எடுத்துவிட்டு, "காலையில் போய் பரீட்சை எழுதிவிட்டு ராத்திரிக்கு முன்னால் வந்துவிட்டால்?" என்று கவுண்டரிடம் கேட்டேன்.

அவர் யோசித்தார். "பகல்ல எங்க வேணா போலாம். நாங்களும் காட்டுக்கு போறோம், சந்தைக்கு போறோம். வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊருக்குள்ள இருக்கணும். அவ்ளோதான்."

"வருவானாக்கும்!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "பஸ்ஸ உட்டுட்டேன்னு அங்கியே படுத்துக்குவான். அவனுக்கு இன்னா, நாளைக்கு கப்பலேறிடுவான்."

"வருவான்" என்றார் தோழனின் அப்பா. அன்று முழுக்க அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். எந்த நம்பிக்கையில் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கே அந்த நம்பிக்கை இல்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குத் தோழன் ஜமுனாமரத்தூர் வரை கூட வந்தான். காப்புக் கட்டியவன் கோயிலுக்குச் சுமந்து ஊற்ற வேண்டிய தண்ணீரை எனக்குப் பதிலாக அவன் சுமக்க வேண்டியிருந்ததால் அங்கேயே திரும்பிவிட்டான். "சாயங்காலம் நாலு மணி பஸ்தான்டா கடசி. அத உட்டுட்டா..." என்றவன் முடிக்கவில்லை. வெறுங்காலோடு வாணியம்பாடியில் இறங்கிக் கல்லூரிக்கு நடந்தேன். தார் சாலை அப்போதே சுடத் தொடங்கியிருந்தது.

காலையில் தொடங்க வேண்டிய தேர்வு தொடங்கவில்லை. வேறு கல்லூரியிலிருந்து வர வேண்டிய எக்ஸ்டர்னல் தேர்வாளரின் ரயில் தாமதம். நாங்கள் ஆய்வக வாசலில் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்தார்கள், நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நண்பகல் தாண்டித்தான் அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் வந்ததும் எனக்கு அடுத்த தடை. ஆய்வக உதவியாளர் என் காலைப் பார்த்துவிட்டு வழியை மறித்தார்.

"செருப்பில்லாம உள்ள வரக் கூடாது தம்பி. ஆசிட் கொட்டினா யாரு பதில் சொல்றது?"

"போட முடியாதுங்க" என்று மணிக்கட்டைக் காட்டினேன். அவர் காப்பையும் பார்த்தார், எங்கள் பேராசிரியரையும் பார்த்தார். பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவரச் சொன்னார். அதை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் நின்றபடிதான் நான் செய்முறைத் தேர்வு எழுதினேன். நகரக் கூடாது என்று உத்தரவு. தேவையான குப்பிகளையெல்லாம் பக்கத்து மேசைக்காரன் எட்டி எட்டிக் கொடுத்தான்.

கொடுத்த உப்பில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றை ஒழுங்காகச் சோதித்துக் கண்டேன். இன்னொன்றுக்குச் சோதனை செய்ய நேரமில்லை. உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தேன். வினிகர் போலக் காடி வாடை அடித்தது. அசிடேட் என்று எழுதிவிட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு என்னை முதலில் கூப்பிடும்படி எக்ஸ்டர்னலிடம் கெஞ்சினேன்.

"ஏன், சினிமாவுக்கு நேரமாகிறதா?" என்றார். சொல்லிவிட்டு என்னை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்.

வரிசை ஊர்ந்தது. ஜன்னலில் வெயில் சாய்ந்தது. விட்டுவிட்டு ஓடினால் தேர்வுக்கு வராதவன் கணக்கு. நின்றால் பஸ் போய்விடும். கால்கள் வாசலைப் பார்க்கத் திரும்புவதும் நிற்பதுமாக இருந்தன. நின்றேன். என் முறை வந்தபோது நாலு மணி எப்போதோ கடந்திருந்தது. என்ன கேட்டார், என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. தேறிவிட்டேன். மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள்.

பஸ் நிலையத்தில் மலை பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மாடு நின்றிருந்தது. எதிர்க் கடையில் பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. அந்த வாடைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளே என் வகுப்புப் பையன்கள் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். மறைக்காமல் சொல்ல வேண்டும்: அங்கேயே விட்டுவிடலாமா என்று தோன்றியது. பஸ் போனது என் குற்றமில்லை. விடுதியில் என் கட்டில் இருக்கிறது. அந்த ஊருக்கும் எனக்கும் என்ன உறவு, இரண்டு வேளைச் சோறுதானே? கூடவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் காதில் கேட்டது. 'அங்கியே படுத்துக்குவான்.' அந்த ஆள் வாய்ச்சொல் பலித்துவிடக் கூடாது என்கிற வீம்புதான் என்னை முதலில் நகர்த்தியது. பக்தி, பாசம் எல்லாம் அப்புறம்.

வாணியம்பாடி முழுக்கத் தோல் ஆலைகள்; தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். அது மலையிலிருந்துதான் வரும். சந்தையில் பார்த்த கடுக்காய்க் குவியல் எப்படி இறங்குகிறது என்று நினைத்துப் பார்த்து, மண்டித் தெருவுக்கு ஓடினேன். ஒரு லாரி காலியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. வண்டிக்காரருக்குப் பக்கத்தில் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக வியாபாரி பாய் ஒருவர். நான் மூச்சு வாங்கிக்கொண்டு "ஜமுனாமரத்தூர்..." என்று தொடங்குவதற்குள் அவர் என் கையைப் பார்த்துவிட்டார்.

"அட அல்லா! காப்ப கட்டிக்கினு இந்த நேரத்துல இங்க இன்னா பண்றே? எந்த ஊரு காப்பு?"

சொன்னேன்.

"ஏறு, ஏறு. பேசிக்கினு நிக்காத" என்று நகர்ந்து இடம் கொடுத்தவர், வண்டிக்காரரிடம், "காப்பு முறிஞ்சா மலையில ஒருத்தன் மூட்ட தூக்க மாட்டான். வேகமா போ, ஆனா வளைவுல என்னக் கொன்னுடாத" என்றார்.

ஆலங்காயம் தாண்டும்போதே வெயில் மஞ்சளாகிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் சூரியன் ஒரு பக்கம் தெரிந்து அடுத்த வளைவில் மறைந்தது. மறையும்போதெல்லாம் இனி வராது என்று பயந்தேன். பாய் வாழைப்பழம் ஒன்றை உரித்துக் கொடுத்தார், தின்னத் தோன்றாமல் கையிலேயே வைத்திருந்தேன். எதிரே மரம் ஏற்றிய வண்டி ஒன்று வந்து, இரண்டும் ஒதுங்க இடமில்லாமல் நாங்கள் பின்னால் போய் வழிவிட வேண்டியிருந்தது. நான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் கெட்ட வார்த்தையும் மாரியம்மன் பேரையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். ஜமுனாமரத்தூரில் கடைகளில் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் வேகமாகப் போகச் சொல்லி வண்டிக்காரரை விரட்டினேன்.

ஊருக்குப் பிரிகிற வண்டித்தடத்தில் இறக்கிவிட்டார்கள். அதற்கு மேல் லாரி போகாது. ஓடினேன். கல்லும் முள்ளும் பார்க்கவில்லை. வானத்தில் கொஞ்சம் நஞ்சம் இருந்த வெளிச்சமும் நான் ஓட ஓட அவிந்துகொண்டே வந்தது. கடைசி மேட்டில் ஏறி நின்றபோது முழு இருட்டு. கீழே ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சப் பொட்டுகூட இல்லை. சனிக்கிழமை இரவு வந்தபோது அதே மேட்டிலிருந்து வீட்டுக்கு வீடு விளக்கு பார்த்திருந்தேன். இன்று ஒன்றுகூட இல்லை. காப்பு முறிந்துவிட்டது, அதனால் ஊரே விளக்கை அணைத்துவிட்டது என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு, முகத்தையாவது காட்ட வேண்டும் என்று எழுந்து இறங்கினேன்.

எல்லைக் கல் அருகே ஏதோ அசைந்தது. ஆட்கள். தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது. யாரோ அதைத் தட்டிக்கொடுத்தார்கள்.

"யாரு?" என்றது தோழனின் அம்மா குரல்.

"நான்தான்மா" என்றேன். "நேரமாயிடுச்சு. இருட்டிடுச்சு. என்னால..."

"இன்னா நேரமாயிடிச்சி? ஊர்ல இன்னும் யாரும் வெளக்கு வெக்கல. அடுப்புகூட அவிச்சிட்டோம். கல்ல தாண்டி உள்ள வா மொதல்ல."

கல்லைத் தாண்டினேன். இருட்டில் அவர் என் தோளைத் தடவி, கையைத் தடவி, காப்பைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து காலைத் தொட்டவர், "ஐயோ, கால் பூரா ரத்தம். வூட்டுக்கு வர நேரமாடா இது?" என்று முதுகில் ஒரு அடி வைத்தார். அதுவரை 'தம்பி' என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமே படவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்திலிருந்து தீப்பெட்டியைக் கையில் பிடித்தபடி வீடு வீடாகப் போய், ஒரு விளக்கும் ஏற்றவிடாமல் காவல் காத்தவர் அவர்தான் என்று தோழன் பிறகு சொன்னான். அவர் எழுந்து ஊரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வந்துட்டான்! எல்லாரும் வெளக்கு வைங்க!"

முதல் விளக்கை எங்கள் வீட்டில் ஏற்றினார்கள்.